சுந்தரபாண்டியத்துக்குப் போகும் வேன்

அக்கா,

இன்று காலை, வெளுத்து வந்த பேண்டேஜ் துணி மூட்டையை நானே பிரித்தேன். குப்பென்று அந்த மருந்து வாடை. "ஆஸ்பத்திரி வாடை ஆஸ்பத்திரியிலயா பொறக்குது? நம்ம ராஜபாளையத்துலதான் பொறக்குது" என்று சொல்லிச் சிரிப்பீர்களே, அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுந்தரபாண்டியத்துப் பெண்களைத் திரட்டி என் பேண்டேஜ் கம்பெனிக்கு வேனில் கூட்டி வந்தது நீங்கள்தான். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விசேஷம், எல்லாம் உங்களைக் கேட்டால் போதும். துணி சுற்றும் மேசைப் பக்கம் வந்து நான் அவசரப்படுத்தினால், "மொதலாளித் தம்பி, நீங்க செத்த நேரம் வெளிய நின்னா வேலை சீக்கிரம் முடியும்" என்பீர்கள். சைக்கிளில் துணி கட்டி விற்றவன் நான். அந்த 'மொதலாளி'யில் இருந்த கேலி புரியாமல் இல்லை.

நமக்குள் சண்டை வருவது ஆடிப்பூரத்துக்குத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் என்றால் அன்று ஒருத்தியும் வர மாட்டாள். ஒரு வருஷம் எரிச்சலில், "நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கதானே, உங்களுக்கு என்ன தேரு?" என்று கேட்டுவிட்டேன்.

"தேரு அவியளுக்கு. தேர் பாக்க வர்ற விருந்தாளிக்குச் சோறாக்குறது நான்லா" என்றீர்கள்.

அந்த எரிச்சலில்தான் கணக்குப் போட்டேன். ஒடிசாப் பையன்கள் என்றால் தங்க ஒரு ஷெட் போதும். வேன் வேண்டாம், டீசல் வேண்டாம், ஆடிப்பூரம் என்றால் அவர்களுக்கு என்னவென்றே தெரியாது. வேனை நிறுத்திவிட்டு அவர்களை வரவழைத்தேன். அப்புறம் நடந்த தொழில் வளர்ச்சிக் கூட்டத்தில் அதிகாரிகள் ஆள் நிலவரம் கேட்டபோது, மைக்கை வாங்கி, "உள்ளூர்ல வேலைக்கு ஆள் கெடைக்கிறதில்ல சார்" என்றேன். ஒரு பஸ் தூரத்தில் நீங்கள் அத்தனை பேரும் வேலையில்லாமல் இருந்தீர்கள்.

ஆனி மாதம் அந்தப் பையன்கள் மொத்தமாக வந்து நின்றார்கள். ஊருக்குப் போக வேண்டுமாம். எதுக்கு என்று கேட்டேன். தேருக்கு. அவர்கள் ஊரிலும் தேர்.

ஆர்டர் பாதியில் கிடக்க, உங்கள் வாசலில் வந்து நின்றேன். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டு, "ஆள் கெடைக்கலன்னு மைக்குல பேசுனியளாமே தம்பி. ஆள் இருக்கு. வேன்தான் இல்ல" என்றீர்கள்.

அவசரத்துக்கு மட்டும் வர மாட்டோம், வருஷம் முழுக்க வேன் ஓட வேண்டும் என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். நம்பி வந்து ஆர்டரை முடித்துக் கொடுத்தீர்கள். பையன்கள் திரும்பிய வாரமே வேன் நின்றது. வத்திராயிருப்பில் தேங்காய் உரிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு கேள்விப்பட்டது நீங்கள் போய்விட்ட செய்தியைத்தான். கல்லறைத் தோட்டம் வரை வந்தேன். உங்கள் மகள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

போன வாரம் மறுபடி கூட்டம். புதிதாக ஜவுளிப் பூங்கா வருகிறதாம், உள்ளூரில் ஆள் தேறுமா என்றார்கள். மைக் என் கைக்கு வந்தது. "ஆள் இருக்கு சார். வேன்தான் இல்ல" என்றேன். கைதட்டினார்கள். எவ்வளவு நல்ல யோசனை என்று பக்கத்துச் சீட்டுக்காரர் தோளில் தட்டினார். யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை, அக்கா.

இன்று உங்கள் தெருவுக்கு வேன் அனுப்பினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், இந்த வருஷமும் பையன்கள் தேருக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள். அதற்காக அனுப்பினேனா, உங்களுக்காக அனுப்பினேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேன் பாதி காலியாக வந்தது. உங்கள் மகள் ஏறவில்லை. டிரைவரிடம் சொல்லி விட்டிருக்கிறாள்: "அந்தப் பையங்க திரும்பி வந்த பொறவும் இந்த வேன் வந்துச்சுன்னா, அப்ப ஏறுதேன்."

நாளைக்கும் போகச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தெருவில் வேலைக்கு ஆள் இருக்கிறது. என் வார்த்தையை நம்பத்தான் ஆள் இல்லை.