சிவப்புச் சீட்டு ஒட்டிய குடம்

ஜூன் 6, சனி. காலை 6.20
சாரல் காற்று. வீட்டில் மொத்தப் பொருட்கள் 614, திருகாணிகள் சேர்க்காமல். ஓராண்டாகத் தொடாதவை 203.

வியாழன் செண்பகமும் பாப்பாவும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வருகிறார்கள். பேறுகாலத்துக்கு அம்மா வீடு போனவள். பாப்பாவுக்கு ஐந்தாம் மாதம். போகிற அன்று ஸ்கேன் ரிப்போர்ட்டை நாற்பது நிமிடம் தேடினோம். என் டிரில் பெட்டிக்கு அடியில் கிடந்தது. ஆட்டோவில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "இந்த வீட்டுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வர பயமா இருக்கு அத்தான்."

இன்னும் காதில் நிற்கிறது. பேட்டைப் பட்டறையில் உருப்படிகளின் அளவு சரிபார்ப்பவன் நான். வீடு இப்படி.

அங்கே உள்ள முறையே இங்கும். ஓராண்டு தொடாததற்குச் சிவப்புச் சீட்டு. சீட்டு ஒட்டினால் வெளியே. விதிவிலக்கு இல்லை.

ஜூன் 7, ஞாயிறு
பரண். தும்மல் பதினேழு. பாத்திரம் மட்டும் பதினொன்று, எல்லாம் சிவப்பு. பழைய பாத்திரக் கடையில் போட்டு, ஒரே அளவு பிளாஸ்டிக் டப்பா 24 வாங்கினேன். கடை அண்ணாச்சி பித்தளைக் குடத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பேரு வெட்டியிருக்கு. வீட்ல கேட்டியளா?"

"வீட்ல நான்தான் இருக்கேன். எடை போடுங்க."

டப்பாக்களுக்குப் பெயர்ச் சீட்டு: பருப்பு. ரிப்போர்ட். பாப்பா சட்டை. 6 எம்எம் போல்ட். செண்பகத்திடம் போனில் சொன்னேன். "எனக்கும் ஒண்ணு ஒட்டிருவீங்க" என்று சிரித்தாள். போனதிலிருந்து முதல் சிரிப்பு.

ஜூன் 8, திங்கள்
மதியம் அத்தை போன். "மாப்பிள, பாப்பா வாசப்படி ஏறும்போது எங்க சீர்க் குடத்துல தண்ணி நெறச்சு வச்சிருங்க. அதுக்குன்னுதான் அவ அதைப் பொழங்காம பரண்ல போட்டு வச்சிருக்கா."

"சரி அத்தை" என்றேன்.

பாதி ஷிப்டில் கடைக்கு ஓட்டம். பத்துப் பாத்திரம் முழுசாக. குடம் மட்டும் சம்மட்டியால் அடித்துத் தட்டை. சாக்கில் இடம் அடைக்கக் கூடாதாம்.

"அப்பவே கேட்டேன்லா" என்றார் அண்ணாச்சி.

டப்பாவைக் கொடுத்தால் பாத்திரம் தருவாராம். வீட்டுக்கு வந்து 24 டப்பாவையும் தரையில் கவிழ்த்தேன். சீட்டுகளைக் கிழிக்க நேரமில்லை. 'பாப்பா சட்டை' டப்பா இப்போது அவர் கடை வாசலில், தட்டைக் குடம் என்னிடம்.

தரை முழுக்கப் பருப்பும் போல்ட்டும்.

ஜூன் 9, செவ்வாய்
வேலை முடிந்து பட்டறையிலேயே குடத்தைச் சூடேற்றி, மரச்சுத்தியால் தட்டினேன். வெல்டர் முத்தையா அண்ணன் பக்கத்தில் நின்று:

"ஏலே, பித்தளைலே. பைய தட்டு. இரும்பு மாதிரி அடிக்கியே."

உருண்டை ஒருவழியாக வந்தது. இடுப்பில் விரிசல், ஐந்து செ.மீ. அண்ணனே பற்றவைத்துத் தந்தார். கறுப்பாகத் தழும்பு.

"பாத்தா தெரியும்லே. பேசாம புதுசு ஒண்ணு வாங்கிப் பேர வெட்டிரு. எவனுக்குத் தெரியப்போவுது?"

சரியான யோசனை. ஏன் எனக்குத் தோன்றவில்லை?

ஜூன் 10, புதன்
அரை நாள் லீவு. டவுனில் அதே அளவில் குடம் கிடைத்தது. பேர் வெட்டுகிறவர் மிஷினைக் கையில் எடுத்துவிட்டார்.

"பேரு?"

"செண்பகம்."

"தேதி போடணுமா? இன்னைக்குத் தேதியா?"

கல்யாணத் தேதி. வாய் வரை வந்தது. கழிவு உருப்படிக்கு 'சரி' முத்திரை குத்துகிறவனைப் பட்டறையில் மாட்டிவிடுவதே நான்தான். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். "வேண்டாம்னா முன்னாலயே சொல்லதுக்கென்ன!" என்று பின்னால் சத்தம்.

பருப்பில் இன்னும் போல்ட் பொறுக்குகிறேன். அத்தை மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை.

நாளை:
1. காலை ஏழரை, அவர்கள் கார் ஏறுமுன் செண்பகத்துக்குப் போன். முதல் வாக்கியம்: "சீர்க் குடத்தைக் கடையில போட்டது நான்." விளக்கம் அவள் கேட்டால் மட்டும்.
2. அத்தையிடமும் நானே சொல்வது. செண்பகம் தலையில் கட்டக் கூடாது.
3. பாப்பா படுக்கும் அறையை மட்டும் துடைப்பது. மற்றதை அவள் பார்க்கட்டும்.
4. குடத்தில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஒழுகல் சோதனை.
5. அவள் வரமாட்டேன் என்றால், ஸ்ரீவைகுண்டத்துக்கு எட்டேகால் பஸ். குடம் மடியில்.