ஈரத்தில் இறுகும் பசை

பக்கத்துக் கடையில் புதிதாக ஒரு பேக்கரி வருகிறது. இன்று காலை அங்கே கேக் வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சிலிக்கான் பசை டியூபைப் பிதுக்கினதும் அந்தப் புளித்த நெடி, வினிகர் பாட்டிலைக் கவிழ்த்தது மாதிரி, தடுப்புப் பலகையைத் தாண்டி என் கடைக்குள் வந்துவிட்டது. நான் ஒரு கல்யாணப் படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். சுத்தியலைக் கீழே வைத்தேன், ஷட்டரை இழுத்துவிட்டேன், நாயுடுபுரம் ரோட்டில் வந்து நின்றுகொண்டேன். "என்னங்க சவரி அண்ணே, ஒடம்புக்கு முடியலையா?" என்று பேக்கரிக்காரர் கேட்டார். நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

நீ செத்துப்போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்தக் கடிதத்தை 'அன்புள்ள' என்று போட்டு ஆரம்பிக்க எனக்குக் கை வரவில்லை. அன்பு இல்லாமலா இத்தனை வருஷம் என்று நீ கேட்பாய். இருந்ததுடா. இருந்ததனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல். வேறு எவனாவது செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்து தொலைத்திருப்பேன்.

எழுபதுகளின் நடுவில் கொடைக்கானலில் நாம் சேர்ந்து கண்ணாடிக்கடை போட்டோம். வெட்டுவதும் பொருத்துவதும் என் வேலை, பேசுவது உன் வேலை. ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி கேட்டு வந்த மனுஷனை அலமாரிக் கதவுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுக்க வைத்து அனுப்புவாய். மதுரைக்குச் சரக்கெடுக்கப் போனால் கண்ணாடியை பஸ் டாப்பில் ஏற்ற விடமாட்டாய். கம்பளியில் சுற்றி, கடைசி சீட்டில், நம் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வைத்துக்கொள்வோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவுக்கும் இருவரும் ஒரே பக்கம் சாய்வோம். "ஏலே, பொண்டாட்டியக்கூட நீ இப்பிடிப் பதனமா புடிச்சிருக்க மாட்டடா" என்று நீ கத்துவாய். பஸ்ஸே சிரிக்கும்.

என் அம்மா அடுக்கம் மலைக்கிராமத்தில் படுத்த படுக்கையாகிவிட்டபோது, பெரியகுளத்து ஆஸ்பத்திரிக்கு டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களில் நீயும் ஒருவன். வழியெல்லாம் அட்டை கடித்து உன் காலில் ரத்தம். அம்மா சாகும்வரை உன்னைத்தான் முதலில் கேட்பார், பிறகுதான் என்னை. இதை எழுதாமல் விட்டால் உன்னைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மீன் தொட்டி நமக்குப் புதிது இல்லை. பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடங்களுக்கு முன்பே செய்து கொடுத்திருந்தோம். ஆங்கிள் இரும்பில் சட்டம், உள்ளே கண்ணாடி, ஓரத்தில் அப்புவதற்கு மக்கு. இந்த ஊர் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலம் போனால் இரும்பு துருப்பிடிக்கும், மக்கு விரிசல் விடும், ஆசிரியர் வந்து கடை வாசலில் நிற்பார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏரிப்பக்கம் ஒரு பழைய வெள்ளைக்காரர் பங்களாவை வாங்கி ஓட்டலாக்கிய மதுரைக்காரர், முன்கூடத்தில் பெரிய தொட்டி வேண்டும் என்று கேட்டதும் நீ துள்ளினாய். இரும்பே வேண்டாம், கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டிவிடலாம், அதற்கென்று மெட்ராஸில் சிலிக்கான் பசை வந்திருக்கிறது என்றாய். "பாக்குறவன் கண்ணுக்குத் தண்ணிதான்டா தெரியணும், கண்ணாடி தெரியப்படாது." நல்ல வாக்கியம். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

அந்தத் தொட்டிக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமா? மாடிப்படியில் இறங்கி வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும், ஆள் உயரம் வேண்டும் என்றாய் நீ. உயரம் கூடக் கூட அடியில் தண்ணீர் தள்ளுகிற வேகம் கூடும், மீனுக்கும் காற்று தண்ணீரின் மேற்பரப்பில்தான் கிடைக்கும், அதனால் நீளமும் அகலமும் இருக்கட்டும், உயரத்தைக் குறை என்றேன். இடுப்பளவில் வந்து முடித்தோம். மரப்பலகைத் தரை ஆள் நடந்தாலே ஆடுகிறது, அதன்மேல் தண்ணீர்ப் பாரம் ஏற்றக்கூடாது என்றேன். கூடத்தில் ஆடாத இடம் குளிர்காயும் கணப்படுப்பை ஒட்டிய கல்மேடை ஒன்றுதான். அதைத் தேர்ந்தெடுத்தது நான். கல்லின் மேடுபள்ளம் அடிக்கண்ணாடியில் குத்தாமலிருக்க தெர்மாகோல் விரித்ததும் நான். முதலாளிக்கு மெட்ராஸ் கலர் மீன்கள் வேண்டும். "அதுகளுக்கு ராப்பகலா ஹீட்டர் போடணும்ங்க. நம்ம கரண்டு லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? தங்கமீன்னா குளிரு தாங்கும்" என்று நீதான் பக்குவமாகச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாய். நாம் இருவரும் சேர்ந்து ஒரு புத்திசாலி என்று அன்றைக்கு நினைத்தேன்.

தொட்டியை ஒட்டுவதற்கு முன்னால் பசையைக் கடையில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணாடித் துண்டுகளில் தடவி, ஒன்றை ஈர ஜன்னல் விளிம்பில் வைத்தேன், இன்னொன்றை டீ போடுகிற ஸ்டவ் பக்கம். ஜன்னலில் வைத்தது ரப்பர் மாதிரி இறுகிவிட்டது. ஸ்டவ் பக்கம் வைத்தது மேலே தோல் கட்டி, உள்ளே அப்படியே பிசுபிசுவென்று கிடந்தது. "இது ஈரத்துலதான்டா இறுகுது. தொட்டிய ஒட்டினதும் ஜன்னலத் தொறந்து போட்டுருவோம், மேகம் உள்ள வரட்டும்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஈரத்துல காயுறதா! கொடைக்கானல்ல பொறந்த பய பேசுற பேச்சா இது? ஜட்டிய அடுப்புல காயப்போட்டு வளந்தவன்டா நீ."

சிரித்ததில் தப்பில்லை. இந்த ஊரில் துணி, விறகு, செருப்பு, பூசின சுவர், எல்லாமே நெருப்பில்தான் காயும். மேகம் இறங்கினால் உப்புகூடத் தண்ணீர் விடும். ஈரம் நமக்கு நல்லது செய்யும் என்று இங்கே எவன் நம்புவான்? ஆனால் நான் சொன்னால் நீ நம்பியிருக்கலாம். கண்ணாடி விஷயத்தில் அதற்கு முன் என் பேச்சை நீ தட்டியதே இல்லை.

ஓட்டல் கூடத்தில் வைத்தே ஒட்டி முடித்த மறுநாள், தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று நான் அடுக்கம் போனேன். "நான் வர்றவரைக்கும் தண்ணி ஊத்தாத. ஜன்னல மூடாத" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "வெரசா போயிட்டு வாடா, நான் பாத்துக்கிறேன்" என்றாய். பார்த்துக்கொண்டாய். முதலாளியின் சொந்தக்காரர்கள் சீசனுக்கு முன்னாலேயே வந்துவிட்டார்களாம். தொட்டியில் மீன் விட்டுக் காட்ட முடியுமா என்று அவர் கேட்டாராம். "ஆகும் சார்" என்று சொன்னாயாம். உன் வாயிலிருந்து 'ஆகாது' என்ற வார்த்தை எந்தக் காலத்தில் வந்தது?

நான் திரும்பி வந்து நேரே ஓட்டலுக்குப் போனேன். தொட்டி நிறையத் தண்ணீர், தங்கமீன்கள், சுற்றிலும் பட்டுப்புடவைகள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கணப்படுப்பில் யூகலிப்டஸ் கட்டை கனன்றுகொண்டிருந்தது. கல்மேடையில் குனிந்து ஓரத்தை விரலால் தொட்டேன். பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. நிமிர்ந்து வாயைத் திறப்பதற்குள் முன்கண்ணாடி அடியில் பிளந்துகொண்டு போயிற்று. அவ்வளவு தண்ணீரும் கம்பளத்தில். புடவையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடுகிறார்கள், நாற்காலிக்கு அடியில் மீன் துடிக்கிறது, ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது.

"எவன்யா இத ஒட்டினது?" என்று முதலாளி கத்தினார். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "சவரிதாங்க ஒட்டினான். நான் அளவு எடுத்ததோட சரிங்க" என்றாய்.

பொய் இல்லை பார். ஒட்டினது நான்தான். அங்கேதான் உன் சாமர்த்தியம். நான் அடுப்பைக் காட்டி, "தீ யாரு..." என்று ஆரம்பித்தேன். நீ என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டாய். ஓட்டலுக்குப் பின்னால், விறகுக் கொட்டகை ஓரமாக, என் தோளில் சாய்ந்து அழுதாய். "நான்தான்டா போட்டேன். காஞ்சிரும்னு நெனச்சேன்டா. இப்பச் சொன்னா இந்த ஆளு என்னைய ஊருக்குள்ள தலகாட்ட விடமாட்டாரு. கொஞ்சநாள் பொறுடா. சூடு ஆறட்டும், நானே எல்லார்கிட்டயும் சொல்லிப்புடுறேன். மாதாமேல சத்தியம்." அம்மாவை டோலியில் சுமந்த தோள் குலுங்குகிறதே என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

சூடு ஆறியது. நீ சொல்லவில்லை. ஊர் எனக்கு 'ஒழுகல்' என்று பேர் வைத்தது. கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "ஒழுகல் வாராரு, செருப்ப ஒதுக்கி வைங்கப்பா" என்று சிரிப்பார்கள். என் பையனை வகுப்பில் ஒழுகல் மகன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டு சண்டை போட்டுவிட்டு வந்து, "அப்பா, நெசமாவே நீங்கதான் ஒடச்சீங்களா?" என்று கேட்டான். உன் சத்தியத்தை நம்பிக்கொண்டு, "சாப்புடுடா" என்றேன். தண்ணீர் நிற்கிற எந்த வேலையையும் அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒருவனும் என்னிடம் கொடுத்ததில்லை. சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம், இவ்வளவுதான் என் பிழைப்பு.

நீ கடையை என் தலையில் போட்டுவிட்டு, மாமனார் ஊர் என்று ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கிவிட்டாய். அங்கே தொட்டி செய்து கொடிகட்டிப் பறக்கிறாய் என்று காய்கறி லாரிக்காரர்கள் வந்து சொல்வார்கள். கமிஷன் கடைக்காரர் வீடு ஒன்று விடாமல் உன் தொட்டியாம், ஒரு பொட்டு ஒழுகாதாம். அதைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நம்புவாயா? இனியாவது பயமில்லாமல் மேலே வந்து சொல்வாய் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பினாய். ஒவ்வொரு வருஷமும் கேக். என் பெண்டாட்டி அதை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள்.

நெஞ்சுவலியில் நீ போய்விட்டாய் என்று லாரிக்காரர் வந்து சொன்னபோது அடக்கம் முடிந்திருந்தது. அந்த வாரமே கீழே வந்தேன். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று அழுதாள். பிறகு, அரைகுறையாக நிற்கிற ஆர்டரைப் பாருங்கள் என்று பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்ன வெயில் அங்கே! தகரக் கூரைக்கு அடியில் வரிசையாகத் தொட்டிகள். ஒட்டி வைத்திருந்த ஒவ்வொன்றையும் சுற்றிக் கயிறு கட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஈரச்சாக்கு தொங்கவிட்டிருந்தது.

உனக்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் காய்ந்த ஊரில் ஈரத்தைச் சாக்கில் கட்டி வைத்துத் தொழில் செய்யும் அளவுக்கு, அன்றைக்கு எது கெடுத்தது என்று உனக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்திருக்கிறது. என் பேச்சை வைத்துத்தான் இத்தனை வருஷமும் சோறு தின்றிருக்கிறாய்.

"இது அவரு சொந்தமாக் கண்டுபுடிச்சதுண்ணே. ஈரத்துலதான் பசை இறுகுமாம். மத்த கடைக்காரங்ககூட இவரப் பாத்துத்தான் சாக்கு கட்டுறாங்க" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒங்கமேல அவருக்குக் கோவமே கெடையாதுண்ணே. மேல நடந்தத என்கிட்ட சொல்லிருக்காரு. நீங்க அவசரப்பட்டு ஃபயர்பிளேஸ்ல தீ மூட்டிட்டீங்களாம். அவரு வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்கலையாம். பாவம், அவன் கொணம் அப்பிடின்னு வருத்தப்படுவாரு."

தீயையும் கொடுத்துவிட்டாயாடா என்னிடம்? பழி போதாதா?

உன் மகள்கள் இருவரும் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்கு அப்படியே உன் கண். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீட்டில் நீ இரண்டாம் தடவை செத்திருப்பாய். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "ஆமாம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றேன். அவள் நிம்மதியாக எனக்குக் காப்பி போட உள்ளே போனாள்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட உன் பேரைச் சொல்லி, மன்னிக்க முடியவில்லை சாமி என்றுதான் சொல்கிறேன். அந்தத் தீயை மூட்டியது யார் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் செத்துவிட்டான். இன்னொருவன், நான்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டான்.