ஒத்தைக்கல் தோடும் மூன்று ராத்திரியும்

7 ஜூன் 86, சனி. பேர்லேண்ட்.
மண்டையைப் பிளக்கும் வெயில். புல் வெட்டியாச்சு. பிறகு ஹூஸ்டன், நகைக்கடை. விசாலத்துக்கு ஒத்தைக்கல் வைரத் தோடு. கல்யாணமான நாளாய் ஆசை. இதுவரை காதில் போலிக் கல்தான்.

கடைக்காரர் மதுரைக்காரர். கட்டிங், கலர், கிளாரிட்டி, காரட் என்று பாடம் எடுத்தார். பூதக்கண்ணாடியை வாங்கி ஒரே பார்வை நான். முதல் ஜோடி: உள்ளே காக்காக்கால் மாதிரி கீறல். தள்ளு. இரண்டாவது: மஞ்சள். தள்ளு. மூன்றாவதை வாசலில் வெயிலில் பிடித்தேன். லேசாய் நீலம். சாட்சாத் புளூ ஜாகர், வைரத்தில் முதல் தரம்!

"அமெரிக்காக்காரங்களுக்கு இந்த நீலம் ஆகாதுண்ணே. அதான் வெலை கம்மி."

அவர்களுக்கு என்ன தெரியும்? வைரம் பட்டை தீட்டும் பெல்ஜியத்திலேயே என்னைப்போல் கல் பார்க்க ஆளில்லை. கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விசாலம் கண்டிஷன்: மூன்று ராத்திரி கல் சாமி அலமாரியில். ஏதாவது கெட்டது நடந்தால் திரும்பக் கடைக்கே. "ராசி பாக்காம வைரம் வாங்கக் கூடாதுங்க." கடைக்காரரும் சம்மதம். என் முகராசி.

8, ஞாயிறு.
கோவில். விசாலம் அங்கே சமையல் உதவிக்குத் தங்கிவிட்டாள். திரும்பும்போது நானும் மகள் உமாவும். ஃப்ரீவேயில் பின்னால் போலீஸ் விளக்கு. ஐம்பத்தைந்து மைலில் போக வேண்டிய இடத்தில் எழுபதாம். என் கணக்கில் அறுபது. 'சார்' போட்டு, பயந்துகொண்டேதான் டிக்கெட் கொடுத்தான்.

"அம்மாகிட்ட மூச்சு விடாதே. கல்லைத் திருப்பிக் குடுத்துடுவா."
"ஓகே டாட். டூ ஸ்கூப்ஸ்."

வாங்கிக் கொடுத்தேன். சாக்லேட் ஐஸ்க்ரீம். தப்பு கல் மேல் இல்லை, ஆக்சிலரேட்டர் மேல்.

9, திங்கள்.
புழுக்கம். வேர்ஹவுஸில் மதியம் வைரம் பற்றி என் லெக்சர். மானேஜர் குறிப்பு எடுத்தார். (பேனா கையில் இருந்தது.)

வீட்டில் விசாலம் கையில் துணிக்கட்டு.
"என்ன ஆச்சு?"
"ஒண்ணுமில்லங்க. மருதாணி."

மருதாணியில் தீப்புண் மருந்து வாடை. அடுப்புப் பக்கம் எண்ணெய் கொட்டித் துடைத்த தடம். மேலே கேட்கவில்லை. ரசம் நன்றாக இருந்தது என்றேன்.

10, செவ்வாய்.
லீவு போட்டேன். காபி.

"மூணு ராத்திரி ஆச்சு. உங்களுக்கு ஒண்ணும் நடக்கலையே?"
"எனக்கு என்ன நடக்கும்? உனக்கு?"
"எனக்கும் ஒண்ணுமில்ல." கை முந்தானைக்குள்.

கல் பாஸ். சொன்னேனே, நான் பார்த்த கல்!

பணம் கட்டிவிட்டு வரப் புறப்பட்டோம். வைரப் பொட்டலம் அவள் மடியில். சாவியைத் திருப்பினேன்.

"ஐம்பத்தஞ்சுலயே போங்க" என்றாள். "இன்னொரு தரம் ஐஸ்க்ரீம் தின்னா உமாவுக்குச் சளி பிடிக்கும்."