சத்தமில்லாத படம்

சில்க்போர்க்

அன்பான அம்மாவுக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? நான் நல்ல சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எலன் என்றொரு மூதாட்டி நேற்று இறந்துபோனார். பயப்படாதீர்கள், வயதுபோன சாவுதான். அவருடைய தகப்பன் இங்கிலாந்து நாடக நடிகர். மேடையில் குரலால் பெயரெடுத்தவர், இங்கே வந்து நடித்ததெல்லாம் ஊமைப்படங்கள். பேசும்படம் வருமுன்பே இறந்துவிட்டார். எலன் அப்போது கைக்குழந்தை. தினமும் தகப்பன் நடித்த ஒரு படத்தைப் போடச் சொல்லி, "சத்தத்தைக் கூட்டு பிள்ளை" என்பார். நானும் கூட்டுவதுபோல் நடிப்பேன். நேற்றுக் கடைசியாகச் சொன்னது, "இன்னும் கேக்கேல்லை."

ஊரிலிருந்து ஆராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். அப்பா அந்த நாளில் சவூதியிலிருந்து கதைத்து அனுப்பிய கசெற் அலுமாரியில் கிடந்தால், அதையும். அப்பாவின் படம் வேண்டாம், முகம் நினைவிருக்கிறது.

பஸ் வருகிறது.

மகள்,
சுகந்தினி