மூன்றாவது சந்துக்குத் தேர் எப்படியும் மூன்றாவதாகத்தான் வரும்

என்னை ‘லைப்ரரி’ என்று கூப்பிட்ட ஒரே ஆளான என் அண்ணனுக்கு,

வருகிற செவ்வாய்க்கிழமை நான் ஷா ஆலம் நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். நீ எப்படிச் செத்தாய் என்று கேட்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு போலீசிடம் நான் கொடுத்த வாக்குமூலத்தில், ‘என் அண்ணன் யார் மீதும் கை வைக்கவில்லை, சண்டையை விலக்கத்தான் போனார்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. அது பொய் என்று உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அதே பொய்யைத் திரும்பச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. வீட்டில் பேச ஆள் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா இன்னும் செம்பனை லோரிதான் ஓட்டுகிறார். அம்மாவுக்கு முட்டி வலி. நான் படிவம் ஐந்துக்கு வந்துவிட்டேன், எஸ்.பி.எம். பரீட்சை பக்கத்தில் நிற்கிறது. பிரகாஷ் இன்னும் வழக்கு முடியாமல் காஜாங் சிறையில் இருக்கிறான். அவன் அம்மாவும் தங்கச்சி கவிதாவும் அதே பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். எங்கே போவார்கள்? நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அம்மா அழ ஆரம்பித்தால் அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைகிறது. அது மரியாதையா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் அந்தப் பக்கமும் அழுகிறார்கள். அப்போது அம்மா நம் டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறார்.

அந்த நாளை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு தடவையாவது நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

ஆடித் திருவிழா. மாலை ஆறு மணி, நல்ல வெளிச்சம். தேருக்கு முன்னால் நீ நடந்தாய், கையில் நுனியில் கவட்டை வைத்த நீள மூங்கில். தெருக் கம்பிகள் தேரின் உச்சியில் மாட்டாமல் தூக்கிப் பிடிப்பது உன் வேலை. உயரமானவனுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள் என்று ஒரு வாரமாக எங்களிடம் அளந்துகொண்டிருந்தாய். தேரின் சக்கரத்துக்கு முட்டுக் கட்டை போடுவது பிரகாஷின் வேலை. நீ மேலே, அவன் கீழே. இரண்டு பேரும் சரியாகச் செய்தால்தான் தேர் நகரும்.

நம் குடியிருப்பு இருக்கும் தாமானின் முனையில் தேர் நின்றது. முதல் சந்தில் நுழைவதா, ஐந்தாவது சந்திலிருந்து தொடங்குவதா என்று பெரியவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் இருந்த காலத்தில் தேர் மேட்டில் இருந்த வீட்டு வரிசையான மேல்லயத்துக்குத்தான் முதலில் ஏறுமாம், பிறகுதான் கீழ்லயத்துக்கு இறங்குமாம். தோட்டத்தை விற்று, லயங்களை இடித்து, குலுக்கல் போட்டு எல்லாருக்கும் இங்கே வீடு கொடுத்துப் பதினான்கு வருடம் ஆகிவிட்டது. இந்தத் தாமானில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். ஆனாலும் முதல் சந்தில் மேல்லயத்து நம் ஆட்கள் கொஞ்சம் அதிகம், கடைசிச் சந்தில் கீழ்லயத்துக்காரர்கள் கொஞ்சம் அதிகம். அது போதுமாக இருந்தது.

நம் வீடு மூன்றாவது சந்து. பிரகாஷ் வீடும் மூன்றாவது சந்து. மொத்தமே ஐந்து சந்து. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நமக்குத் தேர் மூன்றாவதாகத்தான் வரும். இதை நீ ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்திருக்கலாமே, அண்ணே?

யாரோ யாரையோ தள்ளினார்கள். பிரகாஷ் நிமிர்ந்து உன்னிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை, உறுமி மேளம் இன்னும் நிற்கவில்லை. நீ அந்த மூங்கிலைத் தூக்கினாய். கம்பிக்காக இல்லை. அவன் நெற்றி பிளந்தது. அவன் கையால் தொட்டுப் பார்த்தான், கையைப் பார்த்தான். நீ திரும்பி உன் சிநேகிதன் சுரேனைப் பார்த்துச் சிரித்தாய். அப்போதுதான் பிரகாஷ் முட்டுக் கட்டையை எடுத்தான். ஒரே அடி, பின்மண்டையில். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய்.

இரண்டு வருடம் ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ரவாங்குக்கு வேலைக்குப் போனீர்கள். அவன் தோளில் தூங்கி வழிந்து சட்டையை நனைத்துவிட்டேன் என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். மூங்கிலைத் தூக்கிய நேரத்தில் அந்தத் தோள் உனக்கு எங்கே போயிற்று?

எனக்குத் தெரிந்ததெல்லாம் படிப்பது. அதனால் படித்தேன். சரித்திரத் தாளில் ஒரு போரின் காரணங்களைக் கேட்பார்கள். ஐந்து எழுதினால் முழு மதிப்பெண். உன் சாவுக்கும் அப்படி ஐந்து காரணம் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். சிரிக்காதே. ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் தொடங்கினேன்.

“அப்பா, அவங்களுக்கும் நமக்கும் என்னதான் சண்டை?”

“அது எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்கு. தண்ணிக் குழாய்ல ஆரம்பிச்சது. குழாய் நம்ம லயத்துல இருந்துச்சு, அவங்க வந்து புடிப்பாங்க.”

“புடிச்சா என்ன?”

“அவங்க நம்ம ஆளுங்க இல்லம்மா.”

“அப்படீன்னா?”

“சோறு ஆறுது. சாப்பிடு.”

அந்த வாக்கியத்துக்குள் சாதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் யாரும் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னதில்லை. பள்ளிக்கூட விண்ணப்பப் பாரங்களிலும் அதற்குக் கட்டம் கிடையாது. ஒருகாலத்தில் தோட்டத் துரையும் கணக்கு எழுதும் கிராணியும் ஒரு தாளை வைத்துக்கொண்டு இன்னாருக்கு மேடு, இன்னாருக்குப் பள்ளம் என்று பிரித்திருக்கிறார்கள். பிரித்தவர்கள் போய்விட்டார்கள். தோட்டமும் போய்விட்டது. நாம்தான் பத்திரமாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தோம், பீங்கான் தட்டுகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த மாதிரி.

இதுவரை மூன்று காரணம்தான் எழுதியிருக்கிறேன். ஒன்று குழாய். இரண்டாவது கவிதா சொன்னது, அதைப் பிறகு சொல்கிறேன். மூன்றாவது என்னைப் பற்றியது. போன மாதம் தமிழ்ச் சோதனையில் கவிதா என்னைவிட நான்கு மதிப்பெண் அதிகம் எடுத்தாள். ஆசிரியை தாளைத் திருப்பிக் கொடுத்தபோது என் மனதில் உடனே ஒரு வாக்கியம் வந்தது: ‘கீழ்லயத்துக்கு வந்த வாழ்வப் பாரு.’ அவள் அண்ணன் உன்னைக் கொன்றான் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த வாக்கியம் முதலில் வந்துவிட்டது. லயத்தை விட்டு வந்தபோது எனக்கு மூன்று வயது. மேல்லயம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்கு நினைவில்லை. அது என்னிடம் எந்த வழியாக வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. இதை எழுதிய பிறகு நோட்டில் வேறெதுவும் எழுத முடியவில்லை.

கவிதா என்னிடம் பேசியது போன புதன்கிழமை. பள்ளி விட்டு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வருடமாக அவள் அடுத்த கடை வாசலில்தான் நிற்பாள். அன்றைக்கு நேராக என்னிடம் வந்தாள்.

“மலர், ஒன்னு கேட்கலாமா? அடிச்சிடாத.”

“நான் ஏன் அடிக்கப் போறேன்?”

“தெரியலலா. இப்பல்லாம் யாரு அடிப்பாங்கன்னே தெரியல.”

சிரிக்கலாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பிறகு அவள் சொன்னாள்: “எங்கண்ணன் பண்ணது தப்பு. எங்கம்மாவே சாமிகிட்ட எங்கண்ணன விட்டுடுன்னு கேட்கறதில்ல. ஆனா அதோட நெத்தியில ஏழு தையல் போட்டாங்க. அது எப்படி வந்துச்சுன்னு கேட்டா, கீழ விழுந்துட்டான்னு உங்க ஆளுங்க எல்லாரும் சொல்றாங்க. முதல்ல அடிபட்டது எங்கண்ணன்தான்னு ஒருத்தர் சொன்னாக்கூட தண்டனை மாறலாம்னு வக்கீல் சொல்றாரு. எங்க பக்கம் சொன்னா நம்ப மாட்டாங்களாம்.”

“கூட்டமா இருந்துச்சு. நான் பார்க்கல.”

“நீ பார்த்தேலா. டீச்சர் போர்டுல ஒரு புள்ளி விட்டாலே எழுந்து நின்னு சொல்ற ஆளு நீ.”

நான் பேச்சை மாற்றினேன். குழாய்க் கதையைச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“குழாயா? எங்க வீட்டுல ஆடுன்னுதான் சொல்வாங்க. உங்க தாத்தா எங்க ஆட்ட வெட்டித் தின்னுட்டாராம்.”

பஸ் வந்தது. அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். “அம்மா, அண்ணன்தான் முதல்ல அடிச்சுச்சு. கோர்ட்ல நான் அத சொல்லப் போறேன்” என்றேன். அம்மா கை நிற்கவில்லை. தட்டில் இருந்ததையெல்லாம் கிள்ளி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“உனக்கு எத்தன அண்ணன்?”

“ஒன்னு.”

“செத்தவன இன்னொரு தடவ சாவடிக்காத, மலரு.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?”

“எல்லாருக்கும்தான் தெரியும்” என்றார் அம்மா.

அண்ணே, இதற்குத்தான் நான் தயாராக இல்லை. நான் மட்டும் ஒரு ரகசியத்தைச் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். உண்மை வெளியே வந்தால் எல்லாரும் ஒரு நிமிடமாவது வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். அது ஏற்கெனவே வெளியேதான் இருக்கிறது. எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறார்கள்.

மறுநாள் உன் சிநேகிதன் சுரேன் வந்தான். உன் படம் போட்ட டீ-சட்டை அணிந்திருந்தான். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடித்தது. உன் முகத்துக்கு மேலே பெரிய எழுத்தில் ‘மேல்லயம்’ என்று போட்டிருக்கும். அவன் காரின் பின்கண்ணாடியிலும் நீ இருக்கிறாய்.

“தங்கச்சி, கோர்ட்ல தைரியமா பேசு. நாங்க எல்லாம் வெளிய நிப்போம்.”

“எதுக்கு?”

“சப்போர்ட்டுக்குத்தான்லா.”

“அண்ணன் கம்பால அடிச்சத நீங்க பார்க்கலயா?”

சுரேன் சிரித்தான். “பார்க்காம என்ன? செம அடி தங்கச்சி அது. அந்த ஒரு அடிக்கே அவன் மண்ட ஆடிப்போச்சு.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “அவன் எப்ப வேணா வெளிய வரட்டும். நாங்க எங்கயும் போகல.”

இன்னொரு செய்தியும் உனக்குச் சொல்ல வேண்டும். கோயில் செயற்குழு கூடிப் பேசி, இனி இப்படி ஓர் அசம்பாவிதம் நடக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறது. அதற்காக இந்த ஆடிக்கு இரண்டாவது தேர் ஒன்று வாங்குகிறார்கள். ஒன்று முதல் சந்திலிருந்து வரும், இன்னொன்று ஐந்தாவது சந்திலிருந்து. எல்லாருக்கும் திருப்தி. உன் சாவிலிருந்து இவர்கள் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். இரண்டு தேரும் மூன்றாவது சந்தில், நம் வீட்டு வாசலில் எதிரெதிரே வந்து நிற்கும்போது என்ன செய்வார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா செய்தித்தாளைத் திருப்பினார்.

நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக யோசித்துவிட்டேன். கவிதா வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அவர்கள் பக்கத்துப் பையன்கள், ‘பார்த்தியா, அவன் தங்கச்சியே சொல்லிட்டா’ என்று அதையும் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். பிரகாஷ் சீக்கிரமாக வெளியே வரலாம். வந்தால் வாசலில் சுரேன் இருப்பான். அப்படியானால் நான் அவனைக் காப்பாற்றுகிறேனா, சுரேனிடம் ஒப்படைக்கிறேனா? பொய் சொன்னால் ஒருவன் வாழ்நாளெல்லாம் உள்ளே கிடப்பான். கவிதா எஸ்.பி.எம். எழுதுவாளோ என்னவோ. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருக்கு அடி விழுகிறது. புத்தகங்களில் இந்த இடத்தில் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள். இங்கே சொல்ல யாரும் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இதை எழுதும்போதே பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தால் அவன்மேலும் பொங்குகிறது. நீ இல்லாத வீடு எனக்குப் பழகவே இல்லை. அவன் செத்துப் போகட்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன், இன்றைக்குக் காலையில்கூட. அதனால் நான் நல்லவள், மற்றவர்கள்தான் வெறுப்பு பிடித்தவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை சொல்லிவிடுவேன். முதல் அடி உன்னுடையது என்று. அதற்குப் பிறகு அவன் அடித்ததையும், நீ விழுந்ததையும், உன் காதிலிருந்து ரத்தம் வந்ததையும் ஒன்றையும் குறைக்காமல் சொல்வேன். இதனால் எதுவும் சரியாகும் என்று நான் நம்பவில்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். அப்பா லோரியை எடுத்துக்கொண்டு சுங்கை பெசார் பக்கம் போய் இரண்டு நாள் திரும்பமாட்டார். சுரேன் என்னைப் பார்த்தால் காறித் துப்புவான். துப்பட்டும்.

உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது ஒன்றுதான்: நாளைக்கு யார் என்னிடம், எந்தக் குழந்தை என்னிடம் உன்னைப் பற்றிக் கேட்டாலும், நீ செய்ததையும் உனக்குச் செய்ததையும் சேர்த்தே சொல்வேன். பாதியை மட்டும் சொல்லி, இன்னொருவன் கையில் கம்பைக் கொடுக்க மாட்டேன். நீ வேறு ஏதாவது வாக்கை எதிர்பார்த்திருந்தால், மன்னித்துக்கொள். அதைக் கொடுக்க என்னால் முடியவில்லை, அண்ணே.

சுரேனுக்கோ மேல்லயத்துக்கோ அல்ல, உன் ஒருவனுக்கு மட்டும் தங்கச்சியான,
மலர்விழி