வாத்துப் படம் போட்ட தூண்டில்

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன். தொலைபேசியில் பேசினால் நாலு வார்த்தைக்குள் நம்மில் ஒருவர் வைத்துவிடுகிறோம், அதனால் இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டம் நல்ல சட்டம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் எழுதியவளுக்குத் தெரியாது.

ஏப்ரலில் ஐந்து நாள் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். போன தடவை படுக்கை விரிப்பை மடிக்கிற விஷயத்தில் இரண்டாம் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். அதற்கு முந்தைய தடவையும் அப்படித்தான். காரணம் எனக்கு மறந்துவிட்டது, உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தத் தடவையும் அப்படி ஆனால் இனி வரவே மாட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நான் திரும்பப் படித்தேன். ஆகவே, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருக்க ஏரியில் மீன் பிடிக்கலாம் என்ற உன் யோசனைக்கு முழு மதிப்பெண்.

நேற்றே தூண்டில் கடைக்குப் போய்விட்டேன். கடைக்காரருக்கு மீன் நாற்றமே ஆகாதாம். கடை முழுக்க எலுமிச்சை வாசனை. "எனக்கும் என் பொண்ணுக்கும் வேணும். ரெண்டு பேருக்கும் இது புதுசு" என்றேன். பொண்ணுக்குப் பொறுமை உண்டா என்று கேட்டார். அஞ்சு நிமிஷம் தாங்கும் என்றேன். சொன்ன பேச்சு கேட்குமா என்றார். கேட்காது என்றேன். பசித்தால் சிடுசிடுக்குமா? ஆமாம். உன்னைக் கூடவே இருந்து வளர்த்தவர் மாதிரி கேட்டார்.

"அப்ப பெரிய மீனுக்கு ஆசைப்படாதீங்க டீச்சர். சின்ன முள்ளு, சின்ன தக்கை. முதல் நாள் எதாவது ஒண்ணு கடிச்சாத்தான் ரெண்டாம் நாள் கூட வருவா" என்றார்.

எவ்வளவு சரி பார். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை கையில் நாங்கள் பேனாவைக் கொடுக்க மாட்டோம், தடித்த பென்சிலைத்தான் கொடுப்போம். அதேபோல உனக்கு நாலடிக் கோல். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வீச வேண்டும், விரலை எடுத்தால் நூல் போகும். மஞ்சள் நிறம், கைப்பிடியில் ஒரு வாத்துப் படம். இந்தக் காலத்தில் இப்படித்தான் வருகிறது போலும். எனக்கு ஆறடிக் கோல். அதன் ரீலில் ஒரு திருகு இருக்கிறது. இறுக்கி வைத்தால் மீன் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும், ரொம்பத் தளர்த்தினால் மீன் போய்விடும். இதில் உனக்கு உபதேசம் ஒன்றும் இல்லை, திருகைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உனக்கு மிதவைச் சட்டையும் வாங்கியிருக்கிறேன். கொஞ்சம் சிறிதாகத் தெரிகிறது. நீ இளைத்திருந்தால் சரியாகிவிடும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா

மார்ச் 9

அம்மாவுக்கு,

கடைக்காரரிடம் என் வயதைச் சொன்னாயா?

உன் கடிதத்தை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள். காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவுக்கு நான் அதிகாரி. எரிந்துபோன கிடங்கானாலும் கவிழ்ந்த லாரியானாலும் என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. முப்பத்தெட்டு வயது எனக்கு. எனக்குத்தான் வாத்துப் படம், எனக்குத்தான் ஆறு வயதுக் குழந்தையின் மிதவைச் சட்டை.

தூண்டில் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு குழந்தையைப் பற்றி அந்த மனிதர் கேட்ட கேள்விக்கெல்லாம் என்னை நினைத்துக்கொண்டு மளமளவென்று பதில் சொல்லியிருக்கிறாயே, உனக்கு ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லையே, அதன் மேல்தான்.

ஏப்ரலில் வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மகள்

பின்குறிப்பு: நான் இளைக்கவில்லை.

மார்ச் 14

அன்பு மகளுக்கு,

அன்பு போடாமல் வந்த உன் கடிதம் கிடைத்தது.

அன்றைக்கே கடைக்குப் போய் உன் வயதைச் சொன்னேன். கடைக்காரர் என்னையே பார்த்துவிட்டு, "அப்ப அன்னைக்குச் சொன்னதெல்லாம்?" என்றார். "எல்லாம் அவதான்" என்றேன். சிரிப்பை அடக்க எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். மிதவைச் சட்டையை மாற்றிக் கொடுத்தார். கோலை மாற்ற முடியாது என்றார். அதற்குள் நான் பழகிப் பார்த்து அதில் கீறல் விழுந்திருந்தது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆறடிக் கோலோடுதான் தெருவில் நின்றேன். ஒரு வாளியைக் குறி வைத்து வீசினேன். முள்ளைக் கழற்றவில்லை. எதிர் வீட்டு மாடிக் கொடியில் காய்ந்த போர்வை இறங்கி என்னிடம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வேணும்னா கேட்டே வாங்கிக்கலாமே டீச்சர்" என்றார். தோள்பட்டையும் அன்றிரவு சும்மா விடவில்லை.

மறுநாள் வாத்தை எடுத்தேன். நேராக வாளிக்குள் விழுந்தது. இன்னொரு தடவை வீசினேன், மறுபடியும் விழுந்தது. ஆகவே வாத்து எனக்கு, ஆறடி உனக்கு. இந்த விஷயத்தில் குழந்தை யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் பசித்தால் சிடுசிடுப்பு வரும்.

நிதானமாக யோசித்து எழுது. வரமாட்டேன் என்பதாக இருந்தால் மட்டும் தொலைபேசியில் சொல். நானே பாதியில் வைத்துவிடுகிறேன்.

உன் அம்மா

மார்ச் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

முள்ளோடு தெருவில் வீசினாயா?

வீசுவதற்கு முன் உனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சும்மா வைத்திருக்கும்போது முள் முனையில் ரப்பர் துண்டு குத்தி வை. கண்ணாடி போடாமல் முடிச்சுப் போடாதே. முடிச்சை இறுக்குவதற்கு முன் நூலை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் உரசுகிற சூட்டில் நூலின் பலம் போய்விடும் என்று படித்தேன். தேய்ந்த செருப்போடு கரைக்கு வரக்கூடாது, வழுக்கும். தொப்பி கட்டாயம். தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பிக்காதே. நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்.

இரண்டாம் தேதி சாயங்காலம் வருகிறேன்.

மகள்

மார்ச் 25

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் பாதி படிப்பதற்குள் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. ஒரே மூச்சில் இத்தனை திருத்தமா? வேலையில் இருந்த காலத்தில் நான் சிவப்பு மையில் எழுதியதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் முகவரிக்கே வந்த மாதிரி இருந்தது.

ரப்பர் துண்டு குத்தியாயிற்று. தொப்பி இருக்கிறது. செருப்பு விஷயத்தை நேரில் பேசிக்கொள்வோம். வா.

உன் அம்மா

ஏப்ரல் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். எத்தனை மீன் என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஐந்து நாளுமா என்றாள். ஆமாம், ஐந்து நாளும் என்றேன். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. தக்கை ஆடியதும் நான் கோலை இழுத்துவிட்டேன். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம். எதையும் முழுசா முடிக்க மாட்டே. வேலையும் அப்படித்தான் மாத்தினே, கல்யாணமும் அப்படித்தான் பாதியில போச்சு" என்றாய். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று நான் எழுந்தேன். நூலைச் சுற்றினால் கூடவே உன் தக்கையும் வருகிறது. இரண்டு நூலும் குருவிக்கூடு மாதிரி பின்னிக் கிடந்தன. அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கோபம் உன் மேல்தான், ஆறடி மேல் இல்லை. உட்கார்ந்தேன்.

இதைப் பிடித்துக்கொள், அதை விடு, அது இல்லை, அதற்கு அடியில் இருப்பது. அதற்குப் பிறகு நாம் பேசியது இவ்வளவுதான். பாதிச் சிக்கில், தலை நிமிராமல், "அதைச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றாய். "ஆமா, வேண்டாம்" என்றேன். கரைக்கு மேலே பஸ் போகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் காது கேட்காத மாதிரி இருந்தோம்.

ஒன்றை உன்னிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். அன்று என் சட்டைப் பையில் நூல் வெட்டுகிற கத்தரி இருந்தது.

அன்புடன்,
உன் மகள்

ஏப்ரல் 17

அன்பு மகளுக்கு,

தெரியும். அதன் சிவப்புப் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் தூண்டில் சாமான் பெட்டியிலும் ஒன்று இருந்தது, கடைக்காரர் பெட்டியோடு கொடுத்தது. அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

ஜூனில் வரும்போது உன்னுடையதைச் சுமந்துகொண்டு வராதே. வெளியே எடுக்காமல் இருப்பதற்கு என்னுடையது ஒன்றே போதும்.

உன் அம்மா