சட்டைக்குள் தெரியாதது

அன்புள்ள அம்மா,

இந்த வேலையும் இல்லாவிட்டால் மெல்பேர்னிலிருந்து திரும்பமாட்டேன் என்றீர்கள். அப்பா ஒரு வேலை எடுத்துவிட்டார். சாதாரண உடுப்போடு கடைகளின் காசை வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். கம்பெனி மூன்று சிறிய பிஸ்டல்களைக் காட்டி, சட்டைக்கு வெளியே தெரியாத ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னது.

நான் அளவுகளை வாசிக்க, அப்பா மூன்றின் வடிவத்தையும் பலகையில் வெட்டியெடுத்தார். ஆகச் சிறியது நன்றாக மறைந்தது, ஆனால் பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லை. நடு அளவிலுள்ளதை அப்பா இடுப்பில் செருகிக்கொள்ள, இங்கே வென்ட்வேர்த்வில் கடைகளுக்குப் போய்வந்தோம். ஒருவரும் கவனிக்கவில்லை.

எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருக்கும் சுஜீதன் அங்கிள், "செக்கிங்கில தப்பினால்தான் சரி அண்ணை. கையை உயர்த்துங்கோ பாப்பம்" என்றார்.

அப்பா உயர்த்தினார். யாரும் சொல்லாமலே சுவர்ப்பக்கம் திரும்பி, கால்களை அகட்டி நின்றார். அங்கிள் இடுப்பைத் தொட்டதும் அப்பா சிங்களத்தில் ஏதோ சொன்னார். "சேர், நான் பள்ளிக்கூடம் போற பொடியன்" என்றாராம். அங்கிள்தான் அதை எனக்குத் தமிழில் சொல்லிச் சிரித்தார். பலகை கையில் அகப்பட்ட பிறகும் அவர் விடவில்லை. "அடையாள அட்டை எங்கயடா?" என்று ஊர் ஆமிக்காரன் மாதிரி அதட்டினார். அப்பாவின் காற்சட்டை நனைந்தது.

"அம்மாட்டச் சொல்லாதை பிள்ளை" என்றார் அப்பா. திங்கட்கிழமை வேலைக்குப் போகிறார்.

நீங்கள் இனி வரலாம். வாசலில் அவரைக் கட்டிப்பிடித்தால், கை இடுப்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர் கைகளை உயர்த்திவிடுவார்.

உங்கள் மகள்